அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா: ஒரு தொடக்கப் பள்ளியில் மது விழிப்புணர்வு வகுப்பும் அதன் பின்விளைவும்

பின்னணி

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இது. ஈராசிரியர் பள்ளி. 2024-25 கல்வியாண்டு தொடங்கியபோது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 43 பிள்ளைகள். முதல் மூன்று வகுப்புகள் தலைமையாசிரியரிடம், நான்கும் ஐந்தும் என்னிடம். ஊரில் பெரும்பாலோர் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். டாஸ்மாக் கடை மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் என்பது எங்கள் நான்காம் வகுப்புக்கு நன்றாகத் தெரியும். காலி பாட்டிலைப் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டுக் குச்சி ஐஸ் வாங்குகிற பிள்ளைகள் அவர்கள்.

ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. அடுத்த வாரமே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மக்கள் செத்துக்கொண்டிருந்த செய்தி வந்தது. இறந்தவர்கள் கடைசியில் 60-ஐத் தாண்டினார்கள். எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. துக்கத்துக்குப் போய்வந்தவர்கள் சொன்னதெல்லாம் பிள்ளைகள் காதிலும் விழுந்தது. இடைவேளையில் ஒரு புது விளையாட்டு கிளம்பியது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தரையில் விழுவான், நான்கு பேர் தூக்கிக்கொண்டு "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்" என்று கத்தியபடி ஓடுவார்கள். தலைமையாசிரியர் அதட்டி நிறுத்தினார். அந்த விளையாட்டே அவர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி என்று எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஜூன் 26: விழிப்புணர்வு நிகழ்ச்சி

சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26, அந்த ஆண்டு புதன்கிழமை. சேவை அமைப்பு ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், கைக்காசு போட்டு பிளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் சிவப்பாக நல்ல கல்லீரல், மறுபக்கம் கருத்துச் சுருங்கிய கல்லீரல், நடுவில் மண்டையோடு. 3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தோம். நாற்பது நிமிடம் பேசினார். "குடிச்சா என்ன ஆகும்?" என்று அவர் கேட்க, "செத்துப் போயிடுவாங்க" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். போதாது என்று இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

முடிவில் ஆளுக்கொரு தாள். "என் அன்புக் குழந்தைக்காக இன்று முதல் மது அருந்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." கீழே தந்தையின் கையொப்பம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கி வருகிறவர்களுக்குப் பேனா பரிசு. தாள்களை எண்ணிக் கொடுத்தது நான்தான். அது சரிதானா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த சில நாட்களில் கண்டவை

வெள்ளிக்கிழமை வரை 11 தாள்கள் திரும்பி வந்தன. நான்கில் பிள்ளைகளே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த நான்கில் ஒன்றில் அப்பா பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தது. வேறொரு தாளில் அம்மாவின் கைரேகை. மீதி ஆறு உண்மையானவை. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் குடிக்காதவர்கள் அல்லது எப்போதாவது குடிக்கிறவர்கள். எந்த வீடுகளுக்காக அந்தத் தாள் அச்சடிக்கப்பட்டதோ அந்த வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை.

மூன்று பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான்காம் வகுப்புச் சிறுமி வியாழனும் வெள்ளியும் வரவில்லை. திங்கட்கிழமை வந்தபோது முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. என்னிடம் "விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். சத்துணவு ஆயாவிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். புதன் இரவு அப்பா வந்ததும் தாளை நீட்டினாள், அவர் கிழித்துப் போட்டார். காலையில் பரண்மேல் அரை குவார்ட்டர் மிச்சம் இருப்பதைப் பார்த்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஊற்றினாள். அவர் கையை ஓங்க, அம்மா நடுவில் வர, இருவருக்கும் அடி.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வியாழனிலிருந்து வகுப்பில் தூங்கி வழிந்தான். இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தேன். அடுத்த வாரம் அவன் பாட்டி பள்ளிக்கு வந்து, "ராத்திரியெல்லாம் புள்ள முழிச்சிக்கினு கெடக்குது, அப்பன் மூக்குல கைய வச்சி வச்சிப் பாக்குது" என்றார். மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறான். "குடித்தால் செத்துப் போவார்கள்" என்று கோரஸில் சத்தமாகச் சொன்னவர்களில் அவனும் ஒருவன்.

மூன்றாவது வீடுதான் நாங்கள் கொஞ்சமும் எதிர்பாராதது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனார், பல வருடமாகத் தினமும் குடித்தவர், உண்மையாகவே கையெழுத்துப் போட்டு அன்றே நிறுத்திவிட்டார். குடிக்கிறவர்கள் வீட்டிலிருந்து வந்த ஒரே உண்மையான கையெழுத்து அது. மறுநாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. வெள்ளி விடியற்காலை வலிப்பு வந்து 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஊர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், "குடிய வுட்டா வலிப்பு வரும்" என்பது. டீக்கடையில் இரண்டு வாரம் இதே பேச்சு.

எங்கே தவறினோம்

ஜூன் 29, சனிக்கிழமை, தலைமையாசிரியரும் நானும் சத்துணவு அமைப்பாளரும் உட்கார்ந்து பேசினோம். சிறுமியின் வீட்டில் நடந்தது அப்போது தெரியாது. வலிப்புச் செய்தி மட்டும் வந்திருந்தது. அடுத்த வாரம் மற்ற இரண்டும் தெரிந்த பிறகு மறுபடி பேசினோம்.

தலைமையாசிரியரின் முதல் எண்ணம், வந்தவர் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்திவிட்டார் என்பது. என் எண்ணம் வேறாக இருந்தது. குடி பற்றிய வகுப்பு என்றால் இந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் குடிக்காமல் இருப்பதற்கு என்று நாம் நினைக்கிறோம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து வரப்போகும் தன்னைப் பற்றி நினைப்பே கிடையாது. "குடிக்கிறவர்" என்றதும் அதன் கண்முன் வருவது இன்று ராத்திரி வீட்டுக்கு வரப்போகும் அப்பா. அந்தப் பிளெக்ஸில் இருந்த கருத்த கல்லீரல் அதற்கு அப்பாவின் கல்லீரல். நாம் நடத்தியது தடுப்புப் பாடம், அவர்கள் கேட்டது மரண அறிவிப்பு. அதோடு நிற்காமல் கையில் தாளைக் கொடுத்து, அவரைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு என்றும் சொல்லி அனுப்பிவிட்டோம்.

பயமுறுத்தல் பலன் தராது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் காவல்துறையினர் வகுப்பறைக்குள் போய் நடத்தத் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டம் நாடு முழுக்கப் பரவியது. 1990-களில் வந்த மதிப்பீடுகள், அதைப் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் பின்னாளில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே காட்டின. பிறகு அவர்களே பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட தடுப்பு வழிமுறைகள், அச்சமூட்டுவதையும் தகவலை மட்டும் கொட்டுவதையும் பலன் தராதவற்றின் பட்டியலில் வைக்கின்றன. நம் பள்ளிகளில் ஜூன் 26 தோறும் நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

வலிப்பு பற்றி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எனக்கு விளக்கினார். மது மூளையின் வேகத்தைத் தொடர்ந்து அமுக்கி வைக்கிறது. மூளையும் ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனபின் மதுவை மட்டும் திடீரென்று எடுத்துவிட்டால், கூட்டி வைத்த வேகம் அப்படியே நிற்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது தெரிவது, கேட்பது. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தினமும் அதிகம் குடிப்பவர் நிறுத்தவேண்டுமென்றால் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். அந்தத் தாளின் அடியில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

தாள் வசூலை நிறுத்தினோம். பேனா 26 பேருக்கும் கொடுத்தோம், தாள் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும்.

சிறுமியின் விஷயத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தலைமையாசிரியர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றார். அமைப்பாளர் அதே ஊர்க்காரர். "நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்து அவன் யாரை அடிப்பான்னு நினைக்கிறீங்க சார்?" என்று கேட்டார். ஆனால் பிள்ளை மேல் அடி விழுந்ததைத் தெரிந்துகொண்டு ஆசிரியர்கள் சும்மா இருக்கவும் முடியாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசினோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்து, வீட்டுக்குப் போகாமல் பள்ளியிலேயே தாயை வரவழைத்துப் பேசினார். அந்த யோசனை அமைப்பாளருடையது. தாய் என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "நீங்க குடுத்த பேப்பருக்கு நான் அடி வாங்குனேன் டீச்சர். இன்னும் என்னா பண்ணப் போறீங்க?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். புகார் வேண்டாம் என்றார். பெண்களுக்கான 181 எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது வாங்கவில்லை, பிள்ளையின் நோட்டில் எழுதச் சொன்னார். கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதினேன்.

வகுப்பைப் பொறுத்தவரை, விஷயத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தலைமையாசிரியர் முதலில் நினைத்தார். பிள்ளைகள் மனதில் இப்போது இருப்பது "அப்பா சாகப்போகிறார்" என்பது. அதைத் திருத்தாமல் விடுவது இன்னொரு தவறு என்று நான் வாதிட்டேன். ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், 4, 5 வகுப்புகளுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். படம் காட்டுவதில்லை. யார் வீட்டில் யார் குடிக்கிறார் என்று கேட்பதில்லை. வீட்டில் போய் எதையும் சொல்லவோ செய்யவோ பணிப்பதில்லை.

வகுப்புகள்

முதல் வாரம் ஒரு செருப்பு டப்பாவில் துளை போட்டு வைத்தேன். பெயர் எழுதாமல் என்ன கேட்க வேண்டுமோ எழுதிப் போடலாம். 19 சீட்டுகள் விழுந்தன. "குவாட்டரு கசக்குமா", "குடிச்சவங்க ஏன் அழுவுறாங்க", "பீடி குடிச்சா கண்ணு போவுமா". எட்டுச் சீட்டுகளில் வெவ்வேறு கையெழுத்தில் ஒரே கேள்வி: எங்கப்பா செத்துடுவாரா?

அதற்கே முதல் பதில். கருணாபுரத்தில் சாராயத்தில் இருந்தது மெத்தனால் என்ற வேறு பொருள். அது உடம்புக்குள் போய் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், கொஞ்சம் போதும், உயிரே போகும். அதனால்தான் அத்தனை பேர் ஒரே சமயத்தில் செத்தார்கள். மற்றபடி ஒருவர் இன்றைக்குக் குடித்தார் என்பதால் இன்றிரவே செத்துவிட மாட்டார் என்றேன். வகுப்பில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப கடை சரக்கு நல்லதா டீச்சர்?" என்றான்.

நியாயமான கேள்வி. நான் அதற்குத் தயாராக இல்லை. மெத்தனால் வேகமாகக் கொல்லும், கடையில் விற்பது மெதுவாகக் கெடுக்கும் என்று அன்றைக்குச் சமாளித்தேன். அடுத்த வாரம் நிதானமாகச் சொன்னேன்: மது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1988-லேயே உலக அளவிலான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதோடு, கெட்டுப்போகத் தொடங்கிய கல்லீரல்கூடக் குடியை நிறுத்தினால் பல சமயம் தேறி வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிளெக்ஸில் அந்தப் பாதி இல்லை.

இரண்டாம் வாரம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். பத்துச் சுற்று சுற்றிவிட்டுக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோட்டைப் பிடித்து நடக்க வைப்பது பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை, மது ரத்தத்தில் கலந்து அங்கே போனால் கால் இப்படித்தான் பின்னும் என்றேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை சைக்கிளுக்குப் பிரேக் மாதிரி. மது போனால் பிரேக் பிடிக்காது, அதனால் கோபம், அழுகை, உளறல். "அப்ப குடிச்சிட்டு அடிச்சா தப்பு இல்லையா டீச்சர்?" கேட்டவள் வீங்கிய கையோடு வந்த அதே சிறுமி. பிரேக் இல்லாத சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது யார் தப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பே ஒன்றாகப் பதில் சொன்னது. அவள் சொல்லவில்லை, ஆனால் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் மூன்று வாக்கியங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக நடக்கும் அல்-அனான் குழுக்களில் நெடுங்காலமாகச் சொல்லிவருவது அது. நான் இதற்குக் காரணம் இல்லை. என்னால் இதை அடக்க முடியாது. என்னால் இதைக் குணப்படுத்த முடியாது. பெரியவர்களுக்கே இது எளிதில் இறங்காது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, காய்ச்சலை உதாரணமாக எடுத்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் நீ காரணமா? நீ திட்டினால் காய்ச்சல் இறங்குமா? நீ ஊசி போடுவாயா? "டாக்டர்தான் போடுவாரு" என்றார்கள். இதுவும் அப்படித்தான், இதற்கும் டாக்டர் இருக்கிறார் என்று முடித்தேன். மூக்கில் கை வைத்துப் பார்த்த பையன் அன்று மணி அடித்த பிறகும் போகாமல் நின்றான். "டாக்டரு எங்க இருக்காரு டீச்சர்?" என்றான். அவனுக்காக இல்லாவிட்டாலும் யாருக்காகவாவது அந்த விலாசம் என் கையில் இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த நாள் விசாரித்துச் சொன்னேன்.

நான்காம் வாரம்தான் எல்லாவற்றிலும் பயன்பட்டது. கையை நோட்டில் வைத்துச் சுற்றி வரைந்து, ஐந்து விரலுக்கு ஐந்து பேர்: ராத்திரியில் பயமாக இருந்தால் யாரிடம் போவாய்? பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, பெரியம்மா. ஒருத்திக்கு மூன்று விரலுக்குமேல் ஆள் கிடைக்கவில்லை. சத்துணவு ஆயா தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். கீழே 1098. குடித்திருப்பவரோடு வாக்குவாதம் வேண்டாம், பாட்டிலைத் தொட வேண்டாம், ஒளிக்க வேண்டாம், ஊற்ற வேண்டாம். குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏற வேண்டாம்.

கடைசி வரியில் வகுப்பு நின்றுவிட்டது. வாரச் சந்தையிலிருந்து அப்பாவின் வண்டியில்தான் பலர் திரும்புகிறார்கள். "கூப்புட்டா எப்படி டீச்சர் வரலன்னு சொல்றது?" பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். வயிறு வலிக்குது என்று சொல்லலாம், வாந்தி வருது என்று சொல்லலாம், அத்தைகூட பஸ்ஸில் வரேன் என்று சொல்லலாம். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியை என்று என்னை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இதை வகுப்பில் நடித்தும் பார்த்தோம். அப்பாவாக நடித்தவன் அச்சு அசலாக நடித்தான். அதுவும் யோசிக்க வைத்தது.

ஐந்தாம் வாரம் பாட்டில்கள். மூடி திறந்த கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது. அதில் மிச்ச மதுவும் இருக்கலாம், பூச்சிமருந்தும் இருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் மதுவே ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், மயங்கிவிழும். வீட்டில் தம்பி தங்கை இருப்பவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் மாதிரியானவற்றை முகர்வது பற்றி வகுப்பில் பேசவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், முகரும் பொருட்கள் ஒன்றில்தான் பெரியவர்களைவிட (0.58 சதவீதம்) சிறுவர் சிறுமியரிடம் பழக்கம் அதிகம் (1.17 சதவீதம்). அதனால் ஆபத்து உண்மையானது. ஆனால் கேள்விப் பெட்டியில் அதைப் பற்றி ஒரு சீட்டும் இல்லை. தெரியாத பிள்ளைக்கு எதை முகர்ந்தால் போதை என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும் என்று தயங்கினோம். பிசின், பெயிண்ட் எல்லாம் காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும், மூக்கருகே கொண்டுபோகக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதற்கிடையில், குடி என்ற சொல்லே இல்லாத ஒரு விளையாட்டையும் தினசரி வகுப்பில் சேர்த்தேன். 1969-ல் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் முதன்முதலில் செய்து பார்த்தது அது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, ஒழுங்கு தவறினால் அணிக்கு ஒரு புள்ளி, குறைவான புள்ளி வாங்கினால் வெற்றி. 1980-களில் பால்டிமோரில் முதல் வகுப்பிலேயே இதை விளையாடிய பிள்ளைகளை 19 முதல் 21 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, குறிப்பாகச் சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம், போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. எங்கள் வகுப்பில் உடனடியாகக் கிடைத்தது அமைதி. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வீடுகளும் கடையும்

வலிப்பு வந்தவர் வீட்டுக்குத் தலைமையாசிரியர் கிராம சுகாதார செவிலியரோடு போனார். முதல் வேலை மன்னிப்புக் கேட்டது. வலிப்பு வந்தது குடியை விட்டதால் இல்லை, மருந்தில்லாமல் விட்டதால் என்று செவிலியர் விளக்கினார். அந்தத் தகப்பனார் மறுபடி குடிக்க ஆரம்பித்திருந்தார். ஆகஸ்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பத்து நாள் தங்கினார். முதல் சில நாட்கள் நடுக்கத்துக்கும் வலிப்பு வராமலிருக்கவும் மாத்திரை, கூடவே வைட்டமின் பி1 ஊசி. செலவு இல்லை, கூலி மட்டும் போயிற்று. திரும்பி வந்தவரைப் பார்த்தபின்தான் டீக்கடைப் பேச்சு மாறியது. தீபாவளிக்குக் குடித்தார். ஜனவரியில் தானாகவே மறுபடி போனார்.

பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் பாக்குப் பொட்டலமும் பீடியும் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புவது நெடுநாள் வழக்கம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழானவர்களிடம் எங்கேயும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். கடைக்காரர் குழு உறுப்பினரின் சித்தப்பா. சரங்கள் வெளியே தொங்குவது நின்றது. உள்ளே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, அந்த அளவுக்குத்தான் நடந்தது.

கல்வியாண்டு முடிவில்

பையன் ஜூலை கடைசியிலிருந்து வகுப்பில் தூங்குவதில்லை. எங்கள் பாடத்தால் மட்டும் அது நடக்கவில்லை. "நீ தூங்குடா, உங்கப்பன நான் பாத்துக்குறேன்" என்று பாட்டி அவன் பாயை உள்ளறைக்கு மாற்றிவிட்டு வாசல்படியில் தன் பாயைப் போட்டுக்கொண்டார். அப்பா குடிப்பது குறையவில்லை.

சிறுமி செப்டம்பரில் தாயோடு பாட்டி ஊருக்குப் போய்விட்டாள். பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். பிள்ளை மேல் கை வைப்பதில்லை என்று தாய் சொன்னார். "உங்க மேல?" என்று கேட்டேன். "என்னப் பத்தி கேக்காதீங்க டீச்சர்" என்றார். கணக்கு நோட்டு முடிந்து புது நோட்டு வாங்கியபோது பின்னட்டை எண்ணைப் புதியதில் எழுதித் தரச் சொன்னார்.

இடைவேளையில் ஆம்புலன்ஸ் விளையாட்டு ஆகஸ்டுக்குள் தானாக நின்றிருந்தது.

மாற்ற வேண்டியவை

வகுப்பு எடுப்பதற்கு முன் உதவி தயாராக இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை எந்த மருத்துவர் என்பது ஜூன் 25-லேயே என் கையில் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஜூலை மூன்றாம் வாரம். பிள்ளையின் கேள்விக்கு ஒரு நாள் தாமதித்துப் பதில் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

கேள்விப் பெட்டி முதலில், பாடம் பிறகு. வகுப்பில் பாதிப் பேர் எதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் மட்டும் இல்லை, எந்த விருந்தினரும் பேசக் கூடாது.

மூன்றாம் வகுப்பை விட்டது தவறு. ஜூன் 26 அன்று அவர்களும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அந்தத் தாளை அவர்களும் வாங்கிப் போனார்கள். பயத்தைக் கொடுத்துவிட்டு விளக்கத்தை மட்டும் வயது போதாது என்று நிறுத்திவைத்தோம். மூக்கில் கை வைத்துப் பார்த்த பையனை நிற்க வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வகுப்பில் திடீரென்று தூங்கத் தொடங்கும் பிள்ளையிடம் ராத்திரி என்ன நடந்தது என்று கேட்ட பிறகே மற்றது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். 2025 ஜூனில் அதே அமைப்பிலிருந்து அதே மனிதர் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகளுக்கு வேண்டாம் ஐயா, சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்க, அப்பாக்களைக் கூட்டி வைக்கிறோம், மனநலப் பிரிவு மருத்துவரும் வருகிறார் என்றார் தலைமையாசிரியர். அழைத்தவருக்கு முதலில் வருத்தம்தான், பிறகு வந்தார். பிளெக்ஸைச் சுருட்டியபடியே ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். அப்பாக்கள் ஒன்பது பேர் வந்தார்கள், இரண்டு பேர் குடித்துவிட்டு. அவர்களுக்கும் நாற்காலி போட்டோம். வலிப்பு வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தனக்கு வந்தது என்னவென்று பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.